வயசு தாண்டிப்போச்சுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க: சாயங்காலக் கல்லூரி நம்ம மாவட்டங்களுக்கு வேணுமா, வேண்டாமா?

தோப்புவீட்டுக்காரி (காவேரிப்பட்டணம்)

எனக்கு 43 வயசு. பத்தாவது பரீட்சை எழுதின கையோட கல்யாணம். மாங்காய் சீசன்ல மாங்கூழ் கம்பெனிக்கு வேலைக்குப் போவேன், மத்த மாசமெல்லாம் தையல். பெரிய பொண்ணு இப்போ காலேஜ்ல வரலாறு படிக்கிறா. புதுமைப் பெண் திட்டத்துல அவளுக்கு மாசம் ஆயிரம் ரூபாய் வருது.

ஒருநாள் அவ புத்தகத்தைச் சும்மா புரட்டினேன். அப்போ பாரமகால்னு சொன்ன நம்ம சீமையில 1792லேருந்து ஏழு வருஷம் வரி வசூல் வேலை பார்த்த தாமஸ் மன்றோ, பின்னாடி சென்னைக்கு கவர்னரா வந்தப்போ, ஊர் ஊரா எத்தனை பள்ளிக்கூடம் இருக்குன்னு 1822ல கணக்கெடுக்கச் சொன்னாராம். மாகாணம் முழுக்க 12,498 இருந்துச்சாம். அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. இந்த மண்ணுல இவ்வளவு நடந்திருக்கு, நான் ஒண்ணுமே தெரியாம இத்தனை வருஷம் நடந்திருக்கேனே!

தனித்தேர்வரா பதினொண்ணும் பன்னெண்டும் எழுதிப் பாஸ் பண்ணினேன். அப்புறம் பக்கத்துல ஒரு கல்லூரிக்குப் போய்க் கேட்டேன். பேரு வேண்டாம். “வயசு தாண்டிப்போச்சும்மா, தபால்ல சேருங்க”ன்னாங்க. தபால்ல வர்ற புத்தகம் என் வீட்டுல பீரோ மேலேதான் உட்காரும், எனக்குத் தெரியும். எதிர்ல ஒருத்தர் நின்னு சொல்லணும். எனக்குப் புரியாததைப் பக்கத்துல இருக்கிறவ எழுந்து கேட்கணும்.

அரசுக் கல்லூரிக் கட்டடம் பொழுது சாஞ்சா பூட்டித்தானே கிடக்குது? வாரத்துல மூணு சாயங்காலம் எங்களை மாதிரி ஆளுங்களுக்குத் திறந்துவிட்டா என்ன? கிருஷ்ணகிரி, தருமபுரின்னு நம்ம ரெண்டு மாவட்டத்துக்காரங்களும் சொல்லுங்க.

பென்னாகரம் வாத்தியார்

அம்மா, பதினொன்றும் பன்னிரண்டும் தனியாக எழுதித் தேறினீர்கள் என்றால் அது சாதாரணக் காரியம் அல்ல. 34 ஆண்டுகள் பள்ளியில் நின்றவன் என்ற முறையில் உங்களை வணங்குகிறேன். ஆனாலும் உங்கள் கோரிக்கையை நான் எதிர்க்கிறேன்.

2011 மக்கள்தொகைக் கணக்கில் மாநிலம் 80 சதவீத எழுத்தறிவைத் தொட்டபோது தருமபுரி 68.54 சதவீதத்தில், மாநிலத்திலேயே கடைசியாக நின்றது. கிருஷ்ணகிரி 71.46. சித்தேரி மலையிலும் வத்தல்மலையிலும் இருந்து பிள்ளைகளை உயர்நிலைப் பள்ளி வரை கொண்டுவருவதற்கே எவ்வளவு பாடு என்று பார்த்தவன் நான். ஒன்பதாவது படிக்கும் பெண் திங்கட்கிழமை வரவில்லை என்றால் என் வயிறு கலங்கும். வீட்டுக்குப் போனால் வாசலில் பந்தக்கால் நட்டிருப்பார்கள். இப்படி இரண்டு முறை நடந்தது. ஒரு பெண்ணை மீட்டுக் கொண்டுவந்தோம். இன்னொருத்தியை முடியவில்லை.

கல்லூரிகளில் பகல் வகுப்புக்கே நிரந்தர ஆசிரியர் போதவில்லை. கௌரவ விரிவுரையாளர்கள்தான் குறைந்த ஊதியத்தில் இழுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். அவர்கள் தலையிலேயே மாலை வகுப்பையும் வைத்தால் பகலில் வரும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு மிஞ்சுவது களைத்துப்போன ஆசிரியர். இருக்கும் கஞ்சி கொஞ்சம். முதலில் பசித்த பிள்ளைக்கு ஊற்றுங்கள் என்கிறேன்.

இன்னொன்று. “வாழ்நாள் முழுவதும் கல்வி” என்ற பேச்சு 1972இல் எட்கர் ஃபோர் தலைமையிலான யுனெஸ்கோ குழு சொன்னபோது அது மனிதனுக்கான உரிமையாக இருந்தது. இன்று அதையே தொழிலாளியிடம் “நீ படித்துக்கொண்டே இரு, இல்லையென்றால் வேலை போகும், அது உன் பொறுப்பு” என்று திருப்பிச் சொல்கிறார்கள். அந்த மாற்றம் எனக்கு அச்சமாக இருக்கிறது.

மூணாவது ஷிப்ட் (ஓசூர்)

சார் சொல்றதுல பாதி சரி. ஆனா அக்கா கேட்கிறது பட்டம். எதுக்கு மூணு வருஷப் பட்டம்?

நான் ஐடிஐ ஃபிட்டர். 22 வருஷமா டூல் ரூம். பி.இ. முடிச்சுட்டு வர்ற பசங்களுக்கு நான்தான் மைக்ரோமீட்டர் பிடிக்கக் கத்துக்கொடுக்கிறேன். அவங்களைக் குறை சொல்லலை, நாலு வருஷத்துல யாரும் அவங்க கையில கொடுக்கலை, அவ்வளவுதான். எலெக்ட்ரிக் வண்டி வந்தப்புறம் இன்ஜின் லைன்ல இருபது வருஷம் நின்னவங்க மோட்டாரும் பேட்டரியும் கத்துக்க வேண்டியதாப் போச்சு. அவங்களுக்கு யார் மூணு வருஷம் லீவு கொடுப்பாங்க? மூணு மாசப் படிப்பு, அதுக்கு ஒரு சான்று, அப்புறம் வேணும்னா இன்னொண்ணு. இப்படித் துண்டு துண்டாப் படிச்சுச் சேர்த்துக்கலாம்.

தமிழ்நாட்டுல 71 அரசு ஐடிஐ-களை 2,877 கோடியில புதுப்பிச்சிருக்காங்க. புது மெஷினெல்லாம் வந்திருக்கு. சாயங்காலம் திறக்கணும்னா முதல்ல அந்தக் கதவைத் திறக்கச் சொல்லுங்க. 2020 தேசியக் கல்விக் கொள்கையிலயும் ஒரு வருஷம் முடிச்சா சான்றிதழ், ரெண்டுக்கு டிப்ளமோ, மூணுக்குப் பட்டம்னு எப்ப வேணா இறங்கலாம், திரும்ப ஏறலாம்னு வச்சிருக்காங்க. இந்த ஒரு விஷயம் எங்களை மாதிரி ஆளுங்களுக்கு நல்லதுதான்.

பென்னாகரம் வாத்தியார்

தம்பி, எப்போது வேண்டுமானாலும் இறங்கலாம் என்றால் யார் இறங்குவார்கள்? வீட்டில் கடன் இருப்பவன் இறங்குவான். அண்ணன் படிக்கத் தங்கை இறங்குவாள். அப்படி இறங்கியவர்கள் திரும்பி ஏறி நான் பார்த்ததில்லை.

நீங்கள் ஓசூர்க்காரர். உங்கள் ஊருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜிதான் 1953இல் அரை நாள் பள்ளி, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்று திட்டம் கொண்டுவந்தார். பள்ளிகள் போதவில்லை, இரண்டு வேளையாகப் பிரித்தால் இன்னும் பல பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அவர் சொன்ன காரணம். சிரைப்பவர் பிள்ளை சிரைக்கவும் வெளுப்பவர் பிள்ளை வெளுக்கவும்தான் அது போய் முடியும் என்று நாடே எழுந்தது. குலக்கல்வி என்ற பெயர் நிலைத்தது. 1954இல் காமராஜர் வந்து அதைக் கைவிட்டார். “கைத்தொழில் போதும், பட்டம் எதற்கு” என்று யார் சொன்னாலும் அந்த 1953தான் எனக்கு ஞாபகம் வருகிறது. என் அப்பா அந்த அரை நாள் பள்ளியில் படித்தவர்.

மூணாவது ஷிப்ட் (ஓசூர்)

சார், இது என்னைக் காயப்படுத்துது. எங்கப்பா செங்கல் சூளைக்குப் போனவர். எங்க வம்சத்துல லேத் பிடிச்ச முதல் ஆள் நான். என் தொழில் குலத்தொழில் இல்லை, நானாத் தேடிப் பிடிச்சது.

பத்து வயசுப் பையனை அரை நாள்ல அனுப்புறதும், நாற்பது வயசு ஆள் தானா வந்து கத்துக்கிறதும் ஒண்ணா? கைவினைத் தொழிலாளிகளுக்குன்னு ஒன்றிய அரசு கொண்டுவந்த விஸ்வகர்மா திட்டத்தைத் தமிழ்நாடு அரசு ஏன் ஏத்துக்கலை? 18 வயசுப் பிள்ளையை அப்பன் தொழிலுக்கே தள்ளும்னுதானே. அதுக்குப் பதிலா கொண்டுவந்த கலைஞர் கைவினைத் திட்டத்துல 35 வயசுக்கு மேலன்னு வச்சாங்க. நான் சொல்றதும் அந்தக் கோடுதான். சின்ன வயசுல முழுப் படிப்பு, யாரும் இறக்கிவிடக் கூடாது. 35 தாண்டினவனுக்கு அவன் கேட்கிற அளவு.

பென்னாகரம் வாத்தியார்

மன்னிக்க வேண்டும் தம்பி. உங்களை அந்த வரிசையில் நிறுத்தியது என் தவறு. 35 என்ற கோட்டை ஏற்றுக்கொள்கிறேன்.

முதல் பட்டதாரி (அரூர்)

எனக்கு 24 வயசு. எங்க வீட்டுல முதல் பட்டம் என்னோடது.

ஷிப்ட் அண்ணா, பட்டம் எதுக்குன்னு கேட்டீங்க. மூணு வருஷமும் எங்க வீட்டுல யாரும் என்னைப் பொண்ணு பார்க்கக் கூப்பிடலை. “காலேஜ் போயிட்டிருக்கா”ங்கிற ஒரு பதில் எல்லார் வாயையும் அடைச்சது. மூணு மாசப் படிப்பு அந்தக் காவலைக் கொடுத்திருக்காது.

ஆனா நான் எழுத வந்தது எங்கம்மாவைப் பத்தி. தொண்ணூறுகள்ல அறிவொளி இயக்கம் வந்தப்போ எங்கம்மா சின்னப் பொண்ணு. ஆடு மேய்ச்சுட்டு வந்து ராத்திரி லாந்தர் வெளிச்சத்துல எழுத்துக் கூட்டிப் படிச்சாங்களாம். சினிமா போஸ்டர் படிச்சேன், பஸ் போர்டு படிச்சேன்னு இன்னிக்கும் சொல்லுவாங்க. இயக்கம் போச்சு. வீட்டுல படிக்க ஒரு தாள் கிடையாது. முப்பது வருஷத்துல எல்லாம் அழிஞ்சுபோச்சு. என் பட்டச் சான்றிதழைத் தடவிப் பார்த்துட்டு, “என் பேரு எங்க இருக்கு?”ன்னு கேட்டாங்க. காட்டினேன்.

வாத்தியார் ஐயா, பசிச்ச பிள்ளைக்கு முதல்ல ஊத்தணும்னு சொன்னீங்க. ஊத்துறது யாருங்க? அம்மாதானே. பந்தக்கால் நட்ட அந்த வீட்டுல அம்மா படிச்சவங்களா இருந்திருந்தா நீங்க போய் நிக்க வேண்டிய அவசியமே வந்திருக்காதுன்னு தோணுது. அம்மா படிப்பையும் பொண்ணு படிப்பையும் ரெண்டு தட்டுல வச்சு நிறுக்காதீங்க.

தக்காளி மண்டி (பாலக்கோடு)

நான் விவசாயி. எட்டாவது வரை. நாப்பது வயசுக்கு மேல நான் கத்துக்கிட்டதெல்லாம் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துலயும், பையூர் ஆராய்ச்சி நிலையத்துலயும், ராயக்கோட்டை மண்டியிலயும்தான். சொட்டுநீர், மூடாக்கு, நாற்று ஒட்டுக் கட்டுறது. எதுக்கும் பரீட்சை எழுதலை.

டென்மார்க்குல 1844ல ரோடிங்ங்கிற ஊர்ல விவசாயி பிள்ளைங்களுக்குன்னு ஒரு பள்ளி ஆரம்பிச்சாங்களாம். குருண்ட்விக்னு ஒரு பாதிரியார் சொன்ன யோசனை. பரீட்சை இல்லை, பட்டம் இல்லை. வரலாறு, பாட்டு, பேச்சு, கூடவே விவசாயம். வேலை குறைஞ்ச குளிர்காலத்துல வந்து தங்கிப் படிப்பாங்க. அந்த மாதிரி பள்ளிங்க இன்னிக்கும் அங்க இருக்கு. அப்படிப் படிச்ச விவசாயிங்கதான் ஊர் ஊராப் பால் கூட்டுறவு கட்டினாங்க.

நம்மகிட்ட பருவம் இல்லையா? அறுப்பு முடிஞ்சு அடுத்த மழை வர்றவரை கோயில் திண்ணையிலதான் உட்கார்ந்திருக்கோம். அந்த மாசங்கள்ல கல்லூரியைத் திறங்க. பரீட்சை வைக்காதீங்க, பாதிப் பேர் அந்தப் பயத்துலதான் வர்றதில்லை.

தோப்புவீட்டுக்காரி (காவேரிப்பட்டணம்)

எல்லாருக்கும் நன்றி. அரூர்ப் பொண்ணு எழுதினதைப் படிச்சுட்டு மிஷினை நிறுத்திட்டு அழுதேன்.

தக்காளி மண்டி அண்ணா, நீங்க சொல்ற பள்ளி வந்தா என் வீட்டுக்காரரை முதல் ஆளா அனுப்புவேன். ஆனா எனக்குப் பரீட்சை வேணும். பரீட்சை இல்லாத படிப்பு பொம்பளைக்குப் போதும்னு சொல்லிடுவாங்கன்னு பயமா இருக்கு. எனக்கு மார்க் வேணும், ஃபெயில் ஆகவும் உரிமை வேணும்.

ஷிப்ட் தம்பி, எனக்குப் புது வேலை வேண்டாம். வரலாறு வேணும். ஆனா அரசு வேலைக்குச் செல்லுபடியாகாத பட்டமும் வேண்டாம். ஏன்னு சொல்றேன். எங்க தெருவுல ஒருத்தங்க பன்னெண்டாவது எழுதாம, வயசு அடிப்படையில திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துல சேர்ந்து பட்டம் வாங்கினாங்க. 2009ல அரசாணை வந்துச்சு: பத்து, பன்னெண்டு, அப்புறம் பட்டம்ங்கிற வரிசையில படிக்காத பட்டம் அரசு வேலைக்குச் செல்லாதுன்னு. அவங்க அந்தச் சான்றிதழை அரிசி டிரம்முக்கு அடியில வச்சிருக்காங்க. அதைப் பார்த்துத்தான் நான் ரெண்டு வருஷம் எடுத்துக்கிட்டாலும் பரவாயில்லைன்னு வரிசையா எழுதினேன். எங்களுக்குன்னு ஒரு வாசல் திறந்தா அது பின்வாசலா இருக்கக் கூடாது. அதே பாடம், அதே பரீட்சை, அதே பட்டம். நேரம் மட்டும்தான் வேற.

பென்னாகரம் வாத்தியார்

அரூர் மகளே, நீ கேட்ட கேள்வியோடு நேற்று முழுவதும் இருந்தேன். மீட்க முடியாமல் போன அந்தப் பெண்ணின் தாய்க்குக் கையெழுத்து வராது. கட்டைவிரல் மையோடு என் முன்னால் நின்றார். அப்போது நான் அவரைக் குற்றவாளியாகத்தான் பார்த்தேன்.

என் எதிர்ப்பு ஓரளவு நகர்ந்திருக்கிறது, முழுவதும் போகவில்லை. மாலைக் கல்லூரி வரட்டும், ஆனால் தனிப் பணத்தோடு வரட்டும். சிங்கப்பூரைப் பாருங்கள். கற்றுக்கொண்டே இருங்கள் என்று மக்களிடம் சொன்ன அரசு, 2016இல் 25 வயது தாண்டிய ஒவ்வொரு குடிமகன் கணக்கிலும் பயிற்சிக் கட்டணத்துக்கென 500 வெள்ளி (அந்நாட்டு டாலர்) வைத்தது. 2024இல் நாற்பது தாண்டியவர்களுக்கு இன்னொரு 4,000 வைத்தது. நாம் பகல் பிள்ளைகளின் ஆசிரியரை இழுத்து மாலையில் நிறுத்திவிட்டு, திட்டத்துக்கு நல்ல பெயர் ஒன்று வைத்துவிடக் கூடாது.

மூணாவது ஷிப்ட் (ஓசூர்)

ஒரு நடைமுறைச் சிக்கல் சொல்றேன், யாரும் யோசிக்கலை. கம்பெனியில வாராவாரம் ஷிப்ட் மாறும். ஏ ஷிப்ட் வாரத்துல சாயங்காலம் வரலாம். பி ஷிப்ட்னா ராத்திரிதான் வீடு. சாயங்கால வகுப்பு மட்டும் வச்சா மாசத்துல பாதி நாள் போச்சு. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, அதே பாடத்தை நடத்தணும். எதுல வேணா உட்காரலாம்னு இருக்கணும். இல்லைன்னா ஓசூர்ல பாதிப் பேர் முதல் பருவத்துலயே நின்னுடுவாங்க.

தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் வீட்டுல தெலுங்கு, கன்னடம் பேசுறவங்க நிறைய. விண்ணப்பத்தை நிரப்பவே ஒரு ஆள் கூட உட்கார வேண்டியிருக்கும். அதையும் எழுதுங்க.

தோப்புவீட்டுக்காரி (காவேரிப்பட்டணம்)

எழுதிக்கிட்டேன். கலெக்டர் ஆபீசுல திங்கக்கிழமை மனு நாளுக்குக் கொண்டுபோறேன். எங்க தெருவுல மட்டும் ஆறு பேர் பேரு கொடுத்திருக்காங்க. அதுல ஒருத்தங்களுக்கு 58.

எங்க ஊருக்குக் கடைசி டவுன் பஸ் எட்டே கால். வகுப்பு ஏழே முக்காலுக்கு விட்டாத்தான் ஓடிப் பிடிக்க முடியும். அதை முதல் வரியிலேயே போட்டிருக்கேன். சார், மனுவுல எழுத்துப் பிழை இருக்கும், பார்த்துத் தர்றீங்களா?

பென்னாகரம் வாத்தியார்

அனுப்புங்கள், இன்றிரவே திருத்தித் தருகிறேன். பஸ் நேரத்தை முதல் வரியில் வைத்தது சரி, அதை மாற்றாதீர்கள். கௌரவ விரிவுரையாளர்களுக்குத் தனி ஊதியம், தனி நியமனம் என்று ஒரு பத்தி சேர்த்தால் என் கையெழுத்தையும் போடுகிறேன். சேர்க்காவிட்டால் பிழை மட்டும் திருத்தித் தருவேன்.