முஜ்ராப் படங்கள் (முஜ்ரா என்றால் வடக்கே கணிகையர் ஆடும் ஆட்டம்): மனசை விட்டுப் போகாத காட்சி எது?

சாயங்கால ஷோ:
'பாகீஸா' இந்திப் படத்தின் ரயில் கடிதம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். தூங்கும் ஆட்டக்காரி சாஹிப்ஜானின் (மீனாகுமாரி) கால்விரலிடுக்கில் ராஜ்குமார் செருகிவிட்டுப் போவாரே, பாதங்கள் ரொம்ப அழகு, தரையில் வைக்காதீர்கள், அழுக்காகிவிடும் என்று. ஃபிலிம் சொசைட்டியில் போட்டார்கள். அரங்கமே சொக்கிப்போய் உட்கார்ந்திருக்க, பின்வரிசையில் ஒரு பாட்டி, "ஆடிப் பிழைக்கிறவகிட்ட காலைக் கீழே வைக்காதேன்னா, சோத்துக்கு எங்கேடி போவா?" என்றார். கடைசியில் அவன் கல்யாணத்திலேயே கண்ணாடிச் சில்லின் மேல் அவள் ஆடி, வெள்ளை விரிப்பெல்லாம் ரத்தமானபோது திரும்பிப் பார்த்தேன். பாட்டியைக் காணோம். கடைசி பஸ்ஸோ என்னவோ.

மாடிப்படி:
முன்பின் தெரியாதவன் தூங்குகிற பெண்ணின் காலில் கடிதம் செருகுவது காதலா? இன்றைக்கென்றால் ரயில்வே போலீஸ். எனக்கு 'உம்ராவ் ஜான்' (1981)தான். ஆட்டக்காரி உம்ராவ் (ரேகா) 1857 கலவரத்தில் லக்னோவை விட்டு ஓடி, ஃபைஸாபாத்தில், பிறந்த வீட்டருகிலேயே ஆட வேண்டி வரும். ஆஷா போஸ்லேயின் அந்தப் பாட்டு! அம்மா அணைக்க வருவாள், தம்பி வாசலைக் காட்டுவான். ஃபரூக் ஷேக்கின் நவாப் காதலெல்லாம் எனக்கு மறந்தே போச்சு, ரேகாவைப் பார்க்கிற அந்தத் தம்பியின் முகம் மட்டும் போகவில்லை. ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்ட எங்கள் அத்தையும் ஒரு பொங்கலுக்கு வந்து திண்ணையோடு திரும்பியவர்தான். காபிகூடக் கொடுக்கவில்லை.

கோடம்பாக்கத்தான்:
@மாடிப்படி, போலீஸெல்லாம் இருக்கட்டும். நம்ம 'ரத்தக்கண்ணீர்' (1954) யார் கண்ணிலும் படவில்லையா? வடக்கே தவாயிஃப் (ஆடிப் பாடும் கணிகை) என்றால் தியாகி, இங்கே காந்தா என்றால் குடிகெடுத்தவள். அப்பா அதை எம்.ஆர். ராதா நாடகமாகப் போட்டபோதே பார்த்தவர். டிவியில் வந்தால் ராதாவுக்கு முன்னாலேயே வசனத்தைச் சொல்லிவிடுவார். நோய் வந்தவனைக் காந்தா துரத்துகிற இடத்தில் மட்டும் வாயே திறக்க மாட்டார். அம்மா அந்த நேரம் பார்த்து அடுப்படிக்குப் போய்விடுவார். ஏன் என்று கேட்கிற தைரியம் எனக்குக் கடைசிவரை வரவில்லை.

ரீல்பெட்டி:
என் அனுபவம் சின்னது. 'பாகீஸா'வில் ரயில் விசில் கேட்டதும் பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். அவ்வளவுதான். ஆனால் புதிதாகப் பார்க்கப் போகிறவர்களுக்கு: தயவுசெய்து போனில் பார்க்காதீர்கள். பாட்டுகளை மட்டும் யூடியூபில் பொறுக்கவும் வேண்டாம். 1956இல் ஆரம்பித்த படம், 1972இல்தான் வந்தது. நடுவில் இயக்குநர் கமால் அம்ரோஹியும் மீனாகுமாரியும் பிரிந்தேவிட்டார்கள். அதனால் முகத்தைக் கவனியுங்கள், இளமையும் நோயும் மாறி மாறி வரும். சில ஆட்டங்களில் முக்காட்டுக்குள் இருப்பது பத்மா கன்னா. படம் வந்து இரண்டு மாதத்துக்குள் மீனாகுமாரி போய்ச் சேர்ந்தார், அப்புறம்தான் தியேட்டரில் கூட்டம் அம்மியது. ராத்திரி சாப்பாட்டை முடித்துவிட்டு உட்காருங்கள், படம் நீளம். குழந்தைகள் வேண்டாம். அப்புறம், 2006 'உம்ராவ் ஜான்' பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

மாடிப்படி:
யார் சார் கேட்டது இதையெல்லாம்? அதில் நடித்த ஐஸ்வர்யா ராயின் ரசிகை ஒருத்தி இங்கேயேதான் இருக்கிறேன்.