கொல்லையில வந்து விழுந்த கலர் குருவி, மீன்கொத்தியா?

முருங்கைமரம்:
நேத்து ராத்திரி பெரம்பலூர் பக்கம் நல்ல மழை. விடியக்காலைல அம்மா கூப்பிட்டாங்கன்னு ஓடிப் போய்ப் பாத்தா துவைக்கிற கல்லுக்குப் பின்னால ஒரு குருவி சுருண்டு உக்காந்திருக்கு. மைனாவ விடச் சின்னது, முதுகு பச்சை, தோள்ல பளிச்சுன்னு நீலம், அடிவயித்துல குங்குமம் கொட்டுன மாதிரி செவப்பு, கண்ண ஒட்டி மை இழுத்த மாதிரி கறுப்புப் பட்டை, வாலு இருக்கா இல்லையான்னே தெரியல. அப்பா மீன்கொத்திங்கிறார். பறக்க மாட்டேங்குது, தத்தித் தத்திதான் போகுது. அரிசி வச்சேன், சீண்டவே இல்ல. என்ன பண்ணலாம்?

காட்டுப்பாதை:
அலகப் பாருங்க, மீன்கொத்திக்கு இருக்கிற மாதிரி நீட்டு ஈட்டி இல்ல. இது ஆறுமணிக்குருவி, தோட்டக்கள்ளன்னும் சொல்வாங்க, இங்கிலீஷ்ல இந்தியன் பிட்டா. பிட்டான்னா தெலுங்குல சும்மா 'குருவி'தான். இந்திக்காரங்க நவ்ரங்குன்னு ஒன்பது கலர எண்ணிப் பேர் வச்சிட்டாங்க. இமயமலை அடிவாரத்துலயும் மத்திய இந்தியாவுலயும் குஞ்சு பொரிச்சிட்டு குளிருக்கு நம்ம பக்கம் வரும், வர்றது ராத்திரிப் பயணம்ங்கிறதால அக்டோபர் மாசம் இப்படி அசந்து போய் வீட்டுக்குள்ளயே விழுந்து கிடக்கும். அரிசியெல்லாம் தொடாது, சருகப் புரட்டிப் புழு பூச்சி பொறுக்குற ஆளு. காத்து போற மாதிரி ஓட்டை போட்ட அட்டைப்பெட்டில இருட்டா வைங்க, வாயில தண்ணி மட்டும் ஊத்திடாதீங்க. சாயங்காலம் புதர் பக்கமா திறந்து விடுங்க. றெக்கை தொங்குச்சுன்னா வனத்துறைக்கு ஃபோன் போடுங்க.

வெயில்குருவி:
நான் சிங்கப்பூர்ல பாத்த பிட்டாவுக்கு றெக்கையே முழுசா நீலம், இது அதுவா இருக்குமோ?

காட்டுப்பாதை:
இல்லங்க, அது நீலச்சிறகுப் பிட்டா, வேற இனம். இங்க தோட்டத்துல இறங்குறது இது ஒண்ணுதான். முதுகு பச்சையா இருந்து தோள்ல மட்டும் நீலம்னா யோசிக்கவே வேணாம்.

கண்டிக்காரன்:
எங்கட பக்கமும் மாரிக்கு வரும். சிங்கள ஆக்கள் இதுக்கு ஒரு கதை வச்சிருக்கினம். கலியாணத்துக்குப் போறன் எண்டு மயில் இதிட்ட உடுப்ப இரவல் வாங்கிக்கொண்டு போய்த் திருப்பிக் குடுக்கேல்லையாம், அந்தக் கோவத்திலதான் விடியவும் பொழுதுபடவும் கத்துதாம். இருக்கிற வடிவே காணாதா எண்டு கேக்கத் தோணும்!

முருங்கைமரம்:
அப்டேட். சாயங்காலம் பெட்டியத் திறந்தேன், ரெண்டு நிமிஷம் முழிச்சிட்டு இருந்துச்சு, அப்புறம் குட்டை வால மேலயும் கீழயும் ஆட்டிக்கிட்டே கள்ளிவேலிக்குள்ள பூந்துருச்சு. இன்னைக்குக் காலைல அஞ்சு அம்பதுக்கு வேலிக்கு அந்தப் பக்கம் ரெண்டு இழுப்பா ஒரு விசில். அப்பா இன்னமும் மீன்கொத்தின்னுதான் சொல்லிட்டு இருக்கார்.