ஒரே படுக்கையறை, வருவது நாலு பேர்: எங்கே படுக்க வைப்பது?

கேள்வி:
அடுத்த வாரம் அக்கா, அத்தான், ரெண்டு பிள்ளைங்க மூணு ராத்திரி தங்க வர்றாங்க. எங்க கூடம் 10க்கு 12 அடி, அதுல சோபா வேற. அத்தானுக்கு முட்டி வலி. காத்து மெத்தை வாங்கலாமா?

பதில் 1:
கட்டிலை அவங்க ரெண்டு பேருக்கும் விட்டுட்டு நீங்க கூடத்துக்கு வந்துடுங்க. முட்டி வலிக்காரருக்குக் காத்து மெத்தை வேண்டவே வேண்டாம். ஓரத்துல உட்கார்ந்தா அமுங்கிடும், எழுந்திரிக்கப் பிடிமானம் இருக்காது. பிள்ளைங்களுக்குன்னா சரி. ஆனா முதல் நாளே ஊதி ஒரு ராத்திரி விட்டு வைங்க. புது மெத்தை விரிஞ்சு கொடுத்து காலையில தொளதொளன்னு கிடக்கும். எங்க வீட்ல ஓட்டைன்னு நினைச்சு திருப்பிக் கொடுக்கவே கிளம்பிட்டோம்! மறுபடி ஊதினதும் நின்னுடுச்சு. ராத்திரி குளிர்ந்தாலும் உள்ளே காத்து சுருங்கும். மேல கனமான போர்வை விரிங்க, இல்லன்னா முதுகு சில்லிடும்.

பதில் 2:
சோபாவை 10 அடிச் சுவரோரம் தள்ளுங்க. அது 3 அடி போனாலும் 9 அடி மிச்சம். 3 அடி அகல ஒற்றை மெத்தை மூணு பக்கத்துல பக்கத்துல போடலாம். சின்னப் பிள்ளைக்கு சோபா. கால்மாட்டுல நடக்க வழி இருக்கும், அங்கே ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

கேட்டவர்:
இப்பவே டேப் எடுத்து அளந்தேன், சரியா வருது. ரொம்ப நன்றிங்க. மெத்தையை இன்னிக்கே ஊதிடறேன்.