இங்கிலீஷ்ல ஒரே ஒரு வார்த்தை மாறிப்போய் உங்களுக்கு என்ன நடந்துச்சு? அனுபவத்தை எழுதுங்க

ஜூரோங்வாசி:

வணக்கம் மக்களே. இதை ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேன். நேத்து மீட்டிங்ல, புதுசா சேர்ந்த நம்ம ஊர்ப் பையன் ஒருத்தன் கையத் தூக்கி "ஐ ஹேவ் எ டவுட்"னு ஆரம்பிச்சான் பாருங்க, எனக்கு வயித்தைப் பிசைஞ்சிருச்சு, ஏன்னா அதே வார்த்தைய வச்சு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நான் 2013ல திருச்சியிலேர்ந்து இங்க சிங்கப்பூருக்கு வந்தேன், பைப்பிங் டிசைன் வேலை. மூணாவது வாரமோ நாலாவது வாரமோ, எங்க சீனியர் இன்ஜினியர், சீனர், அம்பது வயசுக்கு மேல இருக்கும், ஒரு ஐசோமெட்ரிக் டிராயிங்கை மேசையில விரிச்சு வச்சு எனக்குப் பொறுமையா விளக்கிட்டு இருந்தார். அதுல ஒரு வால்வோட கைப்பிடி எந்தப் பக்கம் பார்த்து இருக்கணும்னு எனக்குப் புரியல. அவ்வளவுதான் விஷயம். "சார், ஐ ஹேவ் எ டவுட் இன் யுவர் டிராயிங்"னேன். மனுஷன் பேனாவை மூடி சட்டைப் பையில சொருகினார். "வாட் டவுட்? ஐ செக் த்ரீ டைம்ஸ் ஆல்ரெடி"ன்னார். நான் இல்ல சார் ஸ்மால் டவுட் சார்னு திரும்பவும் அதையே சொல்ல, டிராயிங்கைச் சுருட்டிக்கிட்டு எழுந்து போயிட்டார். அன்னிக்கு முழுக்க என்கிட்ட பேசவே இல்ல. சாயந்திரம் பக்கத்து சீட்ல இருந்த மலாய் அக்காதான் சொன்னாங்க, நீ அவர் வேலை மேல நம்பிக்கை இல்லன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டே, அதான் கோவம்னு.

நமக்கு சந்தேகம்னா ரெண்டும்தான். புரியலைன்னாலும் சந்தேகம், நம்பலைன்னாலும் சந்தேகம். பள்ளிக்கூடத்துல வாத்தியார் பாடம் முடிச்சதும் "யாருக்காவது சந்தேகம் இருக்கா"ன்னு கேப்பாருல்ல, அந்தப் பழக்கத்துல நாம டவுட்னு சொல்லிடுறோம், இந்தியாவுல எல்லாருக்கும் புரியவும் புரியும். ஆனா இங்கிலீஷ் டவுட்டுக்கு அந்த ரெண்டாவது அர்த்தம்தான் முதல்ல வந்து நிக்கும், நீங்க சொல்றது சரிதானான்னு எனக்கு நம்பிக்கை இல்லன்னு. புரியாததைக் கேக்கணும்னா "ஐ ஹேவ் எ கொஸ்டின்". மறுநாள் காலையில போய் அப்படியே கேட்டேன், அவரும் ஒண்ணும் நடக்காத மாதிரி உக்காந்து விளக்கினார்.

இத்தனை வருஷத்துல நான் கவனிச்சது இதுதான். தமிழ்ல ஒரே சொல்லா இருந்து இங்கிலீஷ்ல ரெண்டாப் பிரியுற இடத்துலதான் நாம அதிகமா வழுக்குறோம். தமிழ்லயே ரெண்டா இருந்தா, ஒரு தடவை மனசுக்குள்ள தமிழ்ல சொல்லிப் பார்த்துட்டா குழப்பமே வராது. உங்களுக்கு எப்படி? எழுதுங்க.

சாங்கி கோடர்:

அண்ணே உங்களுக்கு டவுட்டு, எனக்கு ரிவர்ட்டு. 2019ல நடந்தது. நாங்க ஆன்லைன் கடை ஒண்ணுக்கு விலைப்பட்டியல் பக்கத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தோம், தள்ளுபடி மாத்தின புது கோட் வியாழக்கிழமைதான் ஏத்தினோம், வெள்ளி சாயந்திரம் ஆறு மணிக்கு பிசினஸ் ஆளுங்ககிட்டேர்ந்து ஒரு மெயில், "கைண்ட்லி ரிவர்ட் ஆன் த டிஸ்கவுன்ட் சேஞ்ச் பை டுநைட்". அவங்க கேட்டது பதில். எல்லாம் சரியா ஓடுதான்னு ராத்திரிக்குள்ள ஒரு பதில் போடுங்கன்னு. அன்னிக்கு ஆன்-கால்ல, அதாவது ஆபீஸ் நேரம் முடிஞ்சும் அவசரத்துக்குப் பார்த்துக்குற முறையில இருந்தவர் லண்டன்லேர்ந்து வந்து ரெண்டு மாசம்தான் ஆகுது, அவர் படிச்ச இங்கிலீஷ்ல ரிவர்ட்னா பழைய நிலைக்குத் திரும்புறது, கோட்ல பண்ற மாத்தத்தையெல்லாம் பதிஞ்சு வைக்குற கிட்ங்கற சாஃப்ட்வேர்லயும் அதே பேர்ல கமாண்ட் இருக்கு, மனுஷன் சொன்னதைச் செஞ்சிட்டு லேப்டாப்பை மூடிட்டார். சனிக்கிழமை காலையில பத்து மணிக்கு ஆஃபர்னு விளம்பரம் போய்க்கிட்டு இருக்கு, பக்கத்துல பழைய விலை நிக்குது.

திங்கக்கிழமை எல்லாரும் அவரைக் குத்தம் சொன்னாங்க, எனக்கு மனசே ஆறல, ஏன்னா அவர்தான் அந்த வார்த்தைய அகராதிப்படி சரியாப் புரிஞ்சுகிட்டவர். இங்கயும் மலேசியாவுலயும் இந்தியாவுலயும் ஆபீஸ் மெயில்ல ரிவர்ட்னா பதில் போடுன்னு ஆகிப்போச்சு, வெளியூர்க்காரங்களுக்கு அது தெரியாது. நான் அன்னியிலேர்ந்து ரிப்ளைன்னு மட்டும்தான் எழுதுறேன்.

புங்கோல் அம்மா:

என் பொண்ணு பிரைமரி நாலு. போன வாரம் காம்போல, அதான் இங்கிலீஷ் கட்டுரையில, "ஐ பாரோ ஹெர் மை இரேசர்"னு எழுதி டீச்சர் சிவப்புல வட்டம் போட்டு அனுப்பியிருந்தாங்க. இது நம்ம பிள்ளைங்க மட்டும் பண்றது இல்லீங்க, இந்த ஊர்ல எல்லா இனத்துப் பிள்ளைங்களும் பண்றாங்க. மாண்டரின்ல "ஜியே"ன்னா வாங்குறதும் அதுதான் குடுக்குறதும் அதுதான். மலாய்லயும் "பிஞ்ஜாம்"ங்கற ஒரே வேர்ச்சொல்லுதான் ரெண்டுக்கும். கேன்டீன்ல எல்லாம் ஒண்ணா உக்காந்து பேசும்போது அது அப்படியே இங்கிலீஷுக்குள்ள வந்துடுது.

ஆனா நமக்கு இரவல் வாங்குறது வேற, இரவல் குடுக்குறது வேற இல்லியா. அவளைப் பக்கத்துல உக்கார வச்சு, "ரப்பரை நீ வாங்கினியா குடுத்தியா"ன்னு கேட்டேன். "குடுத்தேன்மா." அப்ப லெண்ட். "அவளோட ரப்பரை நீ கேட்டா?" "வாங்குவேன்." அப்ப பாரோ. ரெண்டே நிமிஷம். அதே மாதிரி பிரிங் டேக் குழப்பத்துக்கும் கொண்டு வா, கொண்டு போ, அவ்வளவுதான். தமிழ் பேசினா பிள்ளைக்கு இங்கிலீஷ் வராதுன்னு என் மாமியார் வீட்டுப் பக்கம் இன்னும் சொல்றவங்க இருக்காங்க, அவங்களுக்கு இதைக் காட்டணும்னு எனக்கு ஆசை.

எல்லாத்துக்கும் தமிழைப் பிடிச்சுத் தொங்க முடியாதுதான். இங்க "ஓபன் த லைட்"ங்கறது சீனத்துலேர்ந்து வந்த வழக்கு. நம்ம ஆளுங்க லைட்டைப் போடுன்னு சொல்ற பழக்கத்துல "புட் த லைட்"ங்குறாங்க. ரெண்டுமே ஆகாது, டர்ன் ஆன். இங்கிலீஷ் பரீட்சையில எடிட்டிங் பகுதியில தப்பைக் கண்டுபிடிக்கணும்னா வீட்டுல காதுல விழுறதும் ஓரளவு சரியா இருக்கணும்ல.

சைட் சேஃப்டி:

நீங்க எழுதினதெல்லாம் மனஸ்தாபத்தோடயும் மார்க்கோடயும் போயிடும். எங்க வேலையில ஆள் போயிடும், அதனால கொஞ்சம் விரிவாவே எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

ஒரு நாள் காலையில டூல்பாக்ஸ் மீட்டிங், அதான் வேலை ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி போடுற பாதுகாப்புக் கூட்டம், முடிச்சுட்டு ரவுண்ட் போறேன். அஞ்சாவது மாடியில வெல்டிங், ஹாட் வொர்க் பெர்மிட், அதாவது தீப்பொறி வர்ற வேலைக்கான அனுமதி, போட்டு நடந்துகிட்டு இருக்கு, தீப்பொறி பூவாக் கொட்டுது. நாலு எட்டுல பெயின்ட் வேலைக்கு வந்த தின்னர் டின் மூணு அடுக்கி வச்சிருக்கு. எனக்கு ஈரக்குலை நடுங்கிப்போச்சு. யாருடா வச்சதுன்னு கத்தினேன். புதுக்கோட்டைப் பக்கத்துப் பையன், டிப்ளமா படிச்சவன், ஓடி வந்து லேபிளைத் தொட்டுக் காட்டுறான். "அண்ணே, இன்ஃப்ளேமபிள்னு போட்டிருக்குண்ணே, தீப்பிடிக்காதுண்ணே." படிக்கத் தெரியாதவன் இல்ல, படிச்சுப் பார்த்துதான் வச்சிருக்கான். கரெக்ட்டுக்கு இன்கரெக்ட், கம்ப்ளீட்டுக்கு இன்கம்ப்ளீட், அப்ப ஃப்ளேமபிளுக்கு இன்ஃப்ளேமபிள் எதிர்ச்சொல்னு அவன் நினைச்சதுல என்ன தப்பு இருக்கு?

ஃப்ளேமபிள், இன்ஃப்ளேமபிள் ரெண்டுக்கும் ஒரே அர்த்தம்தாங்க. சுலபமாத் தீப்பிடிக்கும். இந்த "இன்" இல்லைங்குற இன் கிடையாது, லத்தீன்ல தீ மூட்டுறதுங்கற சொல்லோட ஒட்டிக்கிட்டு வந்தது. இந்த ஆபத்து தெரிஞ்சுதான் அமெரிக்காவோட தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920கள்லயே இனிமே ஃப்ளேமபிள்னே போடுங்கன்னு சொல்ல ஆரம்பிச்சது. தீப்பிடிக்காததுக்கு நான்-ஃப்ளேமபிள்னு தனியாப் போடுவாங்க. இப்ப வர்ற டின்ல சிவப்புக் கட்டம் போட்ட டைமண்டுக்குள்ள கறுப்பு நெருப்புப் படம் இருக்கும். எழுத்தை விடு, அந்தப் படத்தைப் பாருன்னுதான் நான் சொல்றது. ஆனா பழைய டின், லேபிள் கிழிஞ்ச டின், வேற டின்ல ஊத்தி வச்சதெல்லாம் இன்னும் கண்ணுல படுது, அதுல சில சமயம் அந்த வார்த்தை மட்டும்தான் மிஞ்சியிருக்கும். மறுநாள் மீட்டிங்ல அந்தப் பையனையே முன்னால நிக்க வச்சு எல்லாருக்கும் சொல்லச் சொன்னேன். நல்லா சொன்னான்.

ஈசூன் 71:

சின்ன விஷயம். "ஐ ஆம் ஆன் லீவ் டில் மன்டே"ன்னு போட்டா திங்கக்கிழமை ஆள் வருவாரா மாட்டாரா? எங்க ஆபீஸ்ல பாதிப் பேர் வருவார்னாங்க, பாதிப் பேர் மாட்டார்னாங்க, கடைசியில திங்கக்கிழமை சாவி இல்லாம எல்லாரும் வெளியில நின்னோம். பேக் ஆன் டியூஸ்டேன்னு எழுதிடுங்க. அப்புறம் "சப்மிட் அன்டில் ஃப்ரைடே"ன்னு எழுதாதீங்க. வெள்ளிக்குள்ளன்னா பை, வெள்ளி வரைக்கும்னா அன்டில்.

நைட் ஷிஃப்ட்:

அம்மாவுக்கு 74 வயசு, இன்சுலின் போட்டுக்குறாங்க. வீட்டுல இந்தோனேசியப் பணிப்பெண் பார்த்துக்குது, தங்கமான பொண்ணு. ராத்திரி ரெண்டு மணிக்கு நான் வேலையில இருக்கேன், மெசேஜ் வருது, "சார், ஆ மா ஹைப்பர், ஸ்வெட்டிங்". ஆ மான்னா பாட்டி, அம்மாவை அது அப்படித்தான் கூப்பிடும். நானும் அவசரத்துல சர்க்கரை ஏறிடுச்சுபோலன்னு, இனிப்பு எதுவும் குடுக்காத, தண்ணி குடுன்னு பதில் போட்டேன். போட்டுட்டு அடுத்த மெசேஜைப் பார்க்குறேன், மீட்டர் போட்டோ. 3.1, இங்க மீட்டர் மில்லிமோல் கணக்குலதான் காட்டும். நாலுக்குக் கீழ! அது ஹைப்போ. கை நடுங்குது எனக்கு, உடனே போன் போட்டு மூணு ஸ்பூன் சீனி கரைச்சுக் குடுக்கச் சொன்னேன், நினைவு தெளிவா இருந்ததால குடிச்சாங்க, பதினஞ்சு நிமிஷம் கழிச்சு திரும்பக் குத்திப் பார்த்தப்ப 4.6. அந்தப் பதினஞ்சு நிமிஷம் லைன்லயேதான் இருந்தேன், பக்கத்துல ஆம்புலன்ஸுக்கு 995 அடிக்குறதுக்கு இன்னொரு போன்.

ரெண்டும் கிரேக்கச் சொல், ஹைப்போன்னா கீழ, ஹைப்பர்னா மேல. ஃபிரிட்ஜ்ல இப்ப ஒரு தாள் ஒட்டியிருக்கேன், அந்தப் பொண்ணுக்காக அவ மொழியில "ரெண்டா", "திங்கி"ன்னு, எனக்காகத் தமிழ்ல "ஹைப்போ, கீழ போச்சு"ன்னு. இன்னொரு கட்டளையும் போட்டாச்சு, வார்த்தையே வேண்டாம், நம்பரை மட்டும் அனுப்பு.

ஓய்வுபெற்ற ஆசிரியை:

ஜூரோங்வாசி தம்பி சொன்னது நூத்துக்கு நூறு. "கேள்"ங்கற சொல்லைப் பாருங்க. ஆஸ்க், ஹியர், லிசன் மூணும் நமக்கு அது ஒண்ணுதான், சொன்ன பேச்சு கேக்குறதும் அதுதான். பல வருஷம் முன்னாடி பெற்றோர் சந்திப்புல ஒரு அப்பா, "மை சன் இஸ் நாட் ஹியரிங் மீ அட் ஆல்"னு ரொம்ப வருத்தமா சொன்னார். வகுப்பாசிரியை புதுசு, பாவம் பதறிப்போய், காது பரிசோதனைக்கு எழுதித் தரேன்னு பேப்பரை எடுத்துட்டாங்க. அப்பாவுக்கு முகமே சுருங்கிப்போச்சு. நான் பக்கத்து மேசையிலேர்ந்து எழுந்து போய், "பையன் உங்க சொல் பேச்சு கேக்கலைங்கறீங்க, அதானே"ன்னேன். கண்ணு கலங்கி, "ஆமாம்மா"ன்னார். காதுல தானா விழுந்தா ஹியர், மனசு வச்சுக் கேட்டா லிசன்.

எழுத்துல வர்ற குழப்பத்துக்கு நான் வகுப்புல சொன்னது ரெண்டு. ஸ்டேஷனரி, பேனா பேப்பர்னா ஆருக்கு முன்னாடி இ, என்வலப்போட இ. நகராம நிக்கிறதுன்னா அந்த இடத்துல ஏ. அட்வைஸ்ல பெயர்ச்சொல்லுக்கு உள்ள ஐஸ் இருக்கும், வினைச்சொல்லுக்கு அங்க எஸ் வரும். நாம பிரிட்டிஷ் முறைங்கறதால பிராக்டிஸ், லைசென்ஸ் ரெண்டுக்கும் இதே கணக்குதான், பெயர்ச்சொல்லுக்கு சி, வினைச்சொல்லுக்கு எஸ்.

துவாஸ் லாரி:

நான் எழுதுறது 2011ல நான் வந்து பத்து நாள்ல நடந்தது. ஏஜென்டுக்குக் கட்டின காசு முழுக்க வட்டிக்கு வாங்கினது. அன்னிக்கு சைட்ல என் கையிலேர்ந்து ஒரு டைல்ஸ் பெட்டி விழுந்து உடைஞ்சு போச்சு. சூப்பர்வைசர் வந்து பார்த்தார், ஒண்ணும் சொல்லல. சாயந்திரம் அஞ்சு மணிக்கு வந்து, "யூ, லேட்டர் ஐ சென்ட் யூ ஹோம்"னார்.

எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல சென்ட்னா அனுப்புறது. ஹோம்னா ஊரு. கண்டெய்னர் பின்னாடி போய் உக்காந்துட்டேன். அம்மாகிட்ட என்ன சொல்றது, வட்டிக்காரருக்கு என்ன சொல்றதுன்னு அதேதான் ஓடுது. ரூம்ல இருக்குற பொண்டாட்டி போட்டோவையும் ரெண்டு சட்டையையும் யாராவது எடுத்துக் குடுப்பாங்களான்னு கூட யோசிச்சேன். அன்னிக்கு எங்களை ரூமுக்கு ஏத்திக்கிட்டுப் போற லாரி ரிப்பேருங்கறதே எனக்குத் தெரியாது.

ஏழு மணிக்கு அவரோட வேனைக் கொண்டு வந்து நிறுத்தி ஏறச் சொன்னார். வழி நெடுக நான் ஏர்போர்ட் போர்டைத்தான் தேடிக்கிட்டு வந்தேன். வேன் நாங்க தங்குற டார்ம் வாசல்ல நின்னுச்சு. "ஓகே, டுமாரோ செவன் ஓ கிளாக், ஹெல்மெட் டோன்ட் ஃபர்கெட்"னுட்டு அவர் பாட்டுக்குக் கிளம்பிட்டார். இறங்கி எவ்வளவு நேரம் அந்த கேட்டைப் பிடிச்சுக்கிட்டே நின்னேன்னு எனக்கே தெரியல.