2014 தீர்ப்பு யாருக்குக் கட்டளை போட்டது?

சுடர்விழி:
"பெண்கள் கழிப்பறைக்குள் திருநங்கைகள் வரக்கூடாதுன்னு உச்ச நீதிமன்றமே 2014ல் சொல்லிடுச்சு" என்று நேற்று நேர்பட_பேசு எழுதியதை ஆளாளுக்குப் பகிர்கிறீர்கள். ஒருத்தராவது தீர்ப்பைத் திறந்து பார்த்தீர்களா? தேசிய சட்டப் பணிகள் ஆணையம் (நால்சா) தொடுத்த வழக்கில் ஏப்ரல் 15ல் வந்த தீர்ப்பு அது. தனிக் கழிப்பறை வசதி செய்து தரும்படி மத்திய, மாநில அரசுகளுக்குச் சொன்னது. எங்களை வெளியே நிறுத்த அதில் ஒரு வரி கிடையாது.

நேர்பட_பேசு:
தனியா கட்டச் சொன்னா, அங்கே போங்கன்னுதானே? இதுக்கு வக்கீல் வேற வேணுமா?

சுடர்விழி:
கட்டளை அரசுக்கு. எனக்கில்லை. ஆணா, பெண்ணா, மூன்றாம் பாலினமா என்று நாங்களே முடிவு செய்துகொள்ளும் உரிமையைத் தந்ததும் அதே தீர்ப்புதான். அந்தப் பக்கத்தை மட்டும் வசதியாகத் தாண்டிவிட்டீர்கள். கட்டாத கழிப்பறைக்குள் நான் எப்படிப் போவது?

கலைச்செல்வி_78:
பெண்களோட பயத்துக்கு யாரும் பதில் சொல்லலையே. வேஷம் போட்டுக்கிட்டு ஒருத்தன் உள்ளே வந்தா? பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல்ல, சமத்துவச் சட்டத்துல பெண்ணுன்னா பிறப்பால பெண்தான்னு சொல்லிடுச்சு.

சுடர்விழி:
அது அந்த நாட்டின் 2010 சட்டம். இங்கே திருநர் உரிமைப் பாதுகாப்புக்கான 2019 சட்டத்தின் 3ஆம் பிரிவு, பொதுமக்களுக்கான வசதிகளை எங்களுக்கு மறுக்கக் கூடாது என்கிறது. கெட்ட எண்ணத்தோடு வருகிறவன் இன்றைக்கும் வேஷம் இல்லாமலே நுழைகிறான். அவனைப் பிடிக்கச் சட்டம் இருக்கிறது. வாசலில் நின்று யார் சோதிப்பது, எதை வைத்து? உயரமான பெண், முடியை ஒட்ட வெட்டிய பெண், குரல் கரகரத்த பெண், எல்லாரையும் நிறுத்துவீர்களா? ஆண்கள் பக்கம் போனால் எங்களுக்கு என்ன நடக்கும் என்று இங்கே ஒருத்தரும் கேட்கவில்லை. பயணம் என்றால் முதல் நாளே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறோம். சிறுநீர்த் தொற்றோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கேயும் இதே கேள்வி.

கலைச்செல்வி_78:
உங்க கஷ்டத்தை நான் மறுக்கல. தாழ்ப்பாளே இல்லாத கழிப்பறைல எங்களுக்கு யாரைக் கண்டாலும் பயம்தான்.

சுடர்விழி:
தாழ்ப்பாள் கேட்டு மனு எழுதுங்கள், முதல் கையெழுத்து என்னுடையது. கோபத்தை என் மேல் காட்டாதீர்கள்.

பழைய_உறுப்பினர்:
நேர்பட_பேசு, இடஒதுக்கீடு இழையிலயும் இப்படித்தான். ஆதாரம் கேட்டதும் ஆளைக் காணோம்.

நேர்பட_பேசு:
காணாம போகல. என் பதிவுகளைத் தூக்கினது யாருன்னு மட்டுறுத்துநரைக் கேளுங்க. உங்க நண்பர்தானே அவர்?

பழைய_உறுப்பினர்:
வசைச்சொல் இருந்தது, தூக்கினார்.

நேர்பட_பேசு:
உங்க ஆளுங்க எழுதினா வாதம், நான் எழுதினா வசை! அதை விடுங்க. தனியா கட்டச் சொன்னதா, இல்லையா? ஒரே வார்த்தைல சொல்லுங்க.

சுடர்விழி:
சொன்னது. அரசிடம் சொன்னது. நாங்கள் வரக்கூடாது என்று எந்தப் பத்தியில் இருக்கிறது? எண்ணைப் போடுங்கள்.

நேர்பட_பேசு:
முதல்ல தூக்கின பதிவுகள் திரும்பி வரட்டும். அப்புறம் பத்தி எண் பேசலாம்.

சுடர்விழி:
இரண்டாவது தடவையாகக் கேட்கிறேன். பத்தி எண்?