வைட்டல்ஸ் எடுக்கத் தெரியுது, அதை வச்சு யோசிக்கத் தெரியலையே?

சர்ஜிகல்_வார்டு:
புதுசா சேர்ந்த ஸ்டாஃப் நர்ஸ். பல்ஸ், பிபி எல்லாம் நேரத்துக்கு எடுத்து எழுதிடறேன். ஆனா டியூட்டி டாக்டருக்கு போன் பண்ணி அளவுகளைச் சொன்னதும் "சரி, என்ன பிரச்சனைன்னு நினைக்கிறீங்க?"ன்னு கேட்டா வாயடைச்சுப் போகுது. காலேஜ்ல பக்கம் பக்கமா எழுதின கேர் பிளான் (நோயாளிக்கான பராமரிப்புத் திட்டம்) இங்க கைகொடுக்கலை. கிளினிக்கல் ஜட்ஜ்மென்ட் வளரணும்னா டியூட்டி நேரத்துல எதைப் பழகணும்?

ஐசியூ_நைட்:
சிஸ்டர், ஒரு ரீடிங்கை மட்டும் தனியா பார்க்காதீங்க. முன்னாடி எடுத்த ரெண்டையும் சேர்த்துப் பாருங்க. உதாரணத்துக்கு, 60 கிலோ எடை, காலையில வயித்து ஆபரேஷன் முடிஞ்சு வார்டுக்கு வந்தவர்:

மதியம் 2 மணி: பல்ஸ் 82, பிபி 130/80, மூச்சு 16, யூரின் மணிக்கு 50 மிலி
மாலை 6 மணி: பல்ஸ் 96, பிபி 124/86, மூச்சு 20, யூரின் 35 மிலி
இரவு 8 மணி: பல்ஸ் 112, பிபி 118/92, மூச்சு 24, யூரின் 20 மிலி

8 மணி பிபியை மட்டும் பார்த்தா "ஸ்டேபிள்"னு எழுதத் தோணும். மேல் அளவுல இருந்து கீழ் அளவைக் கழிச்சுப் பாருங்க: 50, 38, 26. ரத்தம் குறைஞ்சா உடம்பு ரத்தக்குழாய்களைச் சுருக்கிக்கும், அதனால டயஸ்டாலிக் (கீழ் அளவு) ஏறும், இடைவெளி குறுகும். 60 கிலோ ஆளுக்கு மொத்த ரத்தமே சுமார் 4.2 லிட்டர். அதுல 1.2 லிட்டர் போற வரைக்கும் கூட சிஸ்டாலிக் (மேல் அளவு) தாக்குப்பிடிக்கும். அது விழுந்தப்புறம் ஓடறது லேட்டு. யூரினுக்குக் கணக்கு கிலோவுக்கு மணிக்கு 0.5 மிலி, இவருக்கு 30. 6 மணிக்கு மேல அதுவும் கீழ போயிடுச்சு.

இப்ப "வேற என்னவா இருக்கலாம்?"னு கேளுங்க. வலின்னா பல்ஸோட சிஸ்டாலிக்கும் ஏறும், இங்க இறங்குது. செப்சிஸ் (கிருமித்தொற்று உடம்பு முழுக்கப் பாதிக்கிறது) ஆரம்பத்துல பெரும்பாலும் கை சூடா இருக்கும், டயஸ்டாலிக் இறங்கும். யூரின் மட்டும் குறைஞ்சிருந்தா கதீட்டர் ட்யூப் தொடைக்கு அடியில மடங்கியிருக்கான்னு பாருங்க, மூத்திரப்பை நிறைஞ்சிருக்கான்னு அடிவயித்தைத் தொட்டுப் பாருங்க. மூச்சு மட்டும் தனியா ஏறி சாச்சுரேஷன் (ரத்தத்துல ஆக்சிஜன் அளவு) இறங்கினா நுரையீரல் பக்கம் யோசிக்கணும்.

போனை எடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் பெட் பக்கத்துல நில்லுங்க. கை ஜில்லுன்னு இருக்கா? விரல் நுனியை 5 செகண்ட் அழுத்தி விட்டா நிறம் திரும்ப 2 செகண்டுக்கு மேல ஆகுதா? வயிறு உப்பியிருக்கா? டிரெஸ்ஸிங் மேல காய்ஞ்சிருந்தாலும் முதுகுக்கு அடியில கைவிட்டுப் பாருங்க, ரத்தம் பக்கவாட்டுல வழிஞ்சு அங்க தேங்கும். டிரெயின் பாட்டில் (வயித்துக்குள்ள கசியறதை வெளியே எடுக்கிற குழாயோட பாட்டில்) காலியா இருக்குன்னு நிம்மதி ஆகக்கூடாது, உள்ள கட்டி அடைச்சிருக்கலாம். அவசரமா எடுத்த ஹீமோகுளோபின் நார்மலா வந்தாலும் நம்பாதீங்க. சிவப்பணுவும் பிளாஸ்மாவும் சேர்ந்தே போறதால ஆரம்பத்துல அளவு மாறாது.

வார்டு_டியூட்டர்:
மேல சொன்னது எல்லாமே மூச்சை உண்மையா எண்ணியிருந்தாதான் வேலை செய்யும். நம்ம டிபிஆர் (உடல் சூடு, பல்ஸ், மூச்சு) சார்ட்டுகளைப் புரட்டினா வார்டு முழுக்க எல்லாருக்கும் 20! முழுசா 60 செகண்ட் எண்ணணும், பல்ஸ் பார்க்கிற மாதிரி கையைப் பிடிச்சுக்கிட்டே, நோயாளிக்குத் தெரியாம.

ஸ்டூடன்ட்ஸுக்குப் பழக்க நல்ல வழி, பெட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே கேட்கிறது: இந்த நோயாளிக்கு இன்னிக்கு ராத்திரி நடக்கக்கூடிய மோசமான விஷயம் எது, அதுக்கு முதல் அறிகுறி எது, எந்த அளவு வந்தா போன் பண்ணுவீங்க? தைராய்டு ஆபரேஷன்னா கழுத்து வீக்கமும் குரல் மாற்றமும். மார்ஃபின் போறவர்னா மூச்சு குறையறதுக்கு முன்னாடி வர்ற அளவுக்கு மீறின தூக்கம். இன்சுலின் போட்டு சாப்பாடு தாமதமானவர் குழப்பமா பேசினா குளுக்கோமீட்டர். பதிலை ஹேண்டோவர் தாள் ஓரத்துல பெட் நம்பருக்கு நேரா ஒரு வரி எழுதச் சொல்லுங்க, ஷிஃப்ட் முடிவுல என்ன நடந்ததுன்னு பக்கத்துலயே எழுதணும். கணிப்பு எங்க தப்புதுன்னு அதுலதான் தெரியும். கேர் பிளானை நான் குறை சொல்ல மாட்டேன். புத்தகத்துல இருந்து காப்பி அடிச்ச கேர் பிளான்தான் பயனில்லாதது.

நியூஸ்_ஸ்கோர்:
லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2017ல வெளியிட்ட நியூஸ் 2 ஸ்கோரையும் (வைட்டல்ஸுக்கு மார்க் போட்டு ஆபத்தை முன்கூட்டியே காட்டுற முறை) கூடவே பழகுங்க. மேல உள்ள கேஸுல 8 மணிக்கு மூச்சு 24க்கு 2, பல்ஸ் 112க்கு 2. ஆக்சிஜன் இல்லாம சாச்சுரேஷன் 95ன்னு வச்சுக்கிட்டா 1. காய்ச்சல் இல்லை, நினைவு தெளிவுன்னா மொத்தம் 5, அதாவது டாக்டர் அவசரமா வந்து பார்க்கணும். ஆனா 6 மணிக்கு சாச்சுரேஷன் 96ன்னா ஸ்கோர் வெறும் 1தான். யூரினும் பிபி இடைவெளியும் அந்தக் கணக்குல வராது. ஸ்கோர் குறைவுன்னு சொல்லி யோசனையை நிறுத்திடாதீங்க.

சர்ஜிகல்_வார்டு:
ரொம்ப நன்றி. இதையே போன்ல எப்படிச் சொல்றது? "பேஷன்ட்டுக்கு பல்ஸ் ஜாஸ்தியா இருக்கு, வலி இருக்கும் போல"ன்னுதான் வருது.

ஐசியூ_நைட்:
அப்படிச் சொன்னா ட்ரமடால் (வலி மருந்து) ஆர்டர்தான் வரும் :) எஸ்பார் (நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை) முறையில சொல்லுங்க, ஆனா முதல் வாக்கியத்திலேயே சந்தேகத்தை வச்சிடுங்க: "டாக்டர், 12ஆம் பெட், உள்ள ப்ளீடிங் இருக்குமோன்னு சந்தேகப்படறேன். இன்னிக்குக் காலையில வயித்து ஆபரேஷன் ஆனவர். 2 மணியில இருந்து பல்ஸ் 82ல இருந்து 112, பிபி 130/80ல இருந்து 118/92, யூரின் 50ல இருந்து 20. கை ஜில்லுன்னு இருக்கு, வயிறு உப்பியிருக்கு. உடனே வந்து பாருங்க. அதுக்குள்ள ரெண்டாவது லைன் 18 கேஜ்ல போட்டு, க்ராஸ்மேட்ச்சுக்கு (ஏத்தற ரத்தம் பொருந்துமான்னு பார்க்க) சாம்பிள் எடுத்துடவா?" ஆர்டரைத் திருப்பிச் சொல்லி, நேரத்தோட கேஸ் ஷீட்ல எழுதிடுங்க. வரத் தாமதமானா இன்சார்ஜ் சிஸ்டர்கிட்ட சொல்லி அடுத்த நிலை டாக்டரைக் கூப்பிடுங்க.

இன்னொண்ணு: கேஸ் ஷீட்ல பழைய மாத்திரைகளையும் பாருங்க. அட்டெனலால், மெட்டோப்ரோலால் மாதிரி பல்ஸை மெதுவாக்குற மாத்திரை சாப்பிடறவருக்கு இவ்வளவு ரத்தம் போனாலும் பல்ஸ் 80லயே நிற்கலாம். அவங்ககிட்ட மூச்சும் யூரினும் கையோட குளிர்ச்சியும்தான் பேசும்.