புதுப்பிப்பு: ஜார்ஜியாவில் ஆங்கிலவழி எம்.பி.பி.எஸ், தங்கைக்குச் சேர்க்கை முடிந்தது

தங்கைக்கு ஜார்ஜியாவா, கிர்கிஸ்தானா, எதில் படித்தால் இந்தியாவில் டாக்டராகப் பதிவு செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது ஜார்ஜியாவின் தலைநகர் திபிலீசியில் படிக்கிறாள்.

கைகொடுத்தது, "ஏஜென்ட் பேச்சை விடுங்கள், கல்லூரியிடமே எழுத்தில் கேளுங்கள்" என்ற யோசனைதான். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகளை வைத்துக் கேட்டோம்: படிப்பு குறைந்தது 54 மாதமா, அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சி (இன்டர்ன்ஷிப்) உண்டா, முழுக்க ஆங்கிலவழியா, முடித்தால் அந்த நாட்டிலேயே டாக்டராக வேலை செய்ய உரிமம் கிடைக்குமா? ஒரு கல்லூரி பயிற்சி பற்றி மழுப்பியது, அப்போதே விட்டுவிட்டோம். நீட் தேர்ச்சி கட்டாயம், வெளிநாட்டுப் படிப்புக்கு அந்த மதிப்பெண் 3 வருடம் செல்லும். திரும்பி வந்தபின் தகுதித் தேர்வும், இங்கே இன்னொரு 12 மாதப் பயிற்சியும் இருக்கின்றன. அதைச் சொல்ல எந்த ஏஜென்டுக்கும் வாய் வரவில்லை!

எதிர்பாராதது மொழிதான். பாடம் ஆங்கிலம், சரி. ஆனால் வார்டில் நோயாளி பேசுவது ஜார்ஜிய மொழி. அதற்கென்றே தனி வகுப்பு உண்டு, அதன் 33 எழுத்துகளையும் இப்போது எழுதிப் பழகுகிறாள். போகிறவர்கள் அதை முதல் வருடமே ஒழுங்காகப் படித்துவிடுங்கள்.